சீந்தில் வேலி

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் வழக்கமாகச் சாத்துக்குடி வாங்கும் தள்ளுவண்டிக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஒரு கிலோ பழம் பொறுக்க இவ்வளவு நேரமா என்பது அவர் கட்சி. நான் ஒவ்வொரு பழமாகக் கையில் எடுப்பேன், கட்டைவிரலால் தோலைத் தடவுவேன், காம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பேன். போன வாரம் பொறுக்க முடியாமல், "எல்லாம் நல்ல பழந்தாம்மா, இன்னாத்த தேடுற?" என்று கேட்டே விட்டார். சொத்தைப் பழத்தைத் தலையில் கட்டிவிடுவார் என்று நான் சந்தேகப்படுவதாக அவருக்கு எண்ணம். நான் தேடுவது இன்னதென்று சொன்னால் வண்டியை வேறு தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். குண்டூசியால் குத்தியது போல ஒரு ஓட்டை, அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். இந்தத் தேடும் புத்தி எனக்கு என் மாமியாரிடமிருந்து வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கரட்டின் அடிவாரத்தில் மாமனாருக்குத் தோட்டம் இருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் மலைச்சரிவில் சாத்துக்குடி வைத்தார். கல்லும் சரளையுமான மண்ணில் அது நன்றாகவே பிடித்துக்கொண்டது. என் கணவர் விடிந்ததும் மெயின் ரோட்டுக்குப் போய்க் கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டும்போதுதான் திரும்புவார். பகல் முழுக்க மாமனார், மாமியார், கொழுந்தனார், நான். மாமியார் கணீரென்று பேசுகிறவர். தெருக்கோடியில் அவர் பேசினால் வீட்டில் பால் திரிந்துவிடும் என்று மாமனார் கிண்டல் செய்வார். நான் போய் இறங்கிய முதல் நாளே, "டவுன்ல வளந்த பொண்ணாச்சே, மாட்டுக்கு எந்தப் பக்கம் வாலு கீதுன்னாவது தெரியுமா?" என்று ஊர் நடுவில் கேட்டார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "எந்தப் பக்கம் உதைக்குதோ அந்தப் பக்கம் அத்தை" என்றேன். அதற்குச் சிரித்த சிரிப்பில் அவர் கொண்டை அவிழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை உண்டு, பகை இல்லை.

ஆவணி பிறந்து பழத்தில் நீர் ஏறத் தொடங்கினால் தோட்டத்துக்குப் பூச்சி வந்துவிடும். பட்டாம்பூச்சி அளவுக்கு, ஏன், அதைவிடப் பெரிதாக இருக்கும் அந்துப்பூச்சி. மேல் இறக்கை காய்ந்த இலைபோல இருப்பதால், பகலில் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. விரித்தால் உள்ளே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டுச் சேலை போல இன்னொரு இறக்கை. பொழுது சாய்ந்தபின் எங்கிருந்தோ வந்து பழத்தின் தோலில் குழலை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். மறுநாள் பார்த்தால் ஒரு ஊசி ஓட்டைதான் இருக்கும். இரண்டொரு நாளில் அந்த இடம் கன்றி, புளித்து, பழம் தானாக விழும். மருந்தடித்தும் பிரயோசனமில்லை. அது இலையைத் தின்று உட்கார்ந்திருக்கிற பூச்சி இல்லை. விருந்தாளி மாதிரி வரும், குடிக்கும், போய்விடும். ஆகவே எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் அதைப் பிடிக்கக் கிளம்புவார்கள். பழைய கொசுவலையை மூங்கில் வளையத்தில் தைத்து மாமியார் ஒரு வலை செய்து வைத்திருந்தார். டார்ச் அடித்தால் பழத்தின் மேல் பூச்சியின் கண் இரண்டும் சிவப்பாக, தணல் மாதிரி எரியும். அதுதான் குறி. ஒரே வீச்சு, காலடியில் ஒரே தேய்ப்பு. மாமியாருக்கும் கொழுந்தனாருக்கும் இதில் போட்டி வேறு. "அண்ணி, நீங்களே சாட்சி, அம்மா என் பூச்சிய அமுக்கிட்டாங்க" என்று அவர் இருட்டிலிருந்து கத்துவார்.

கொழுந்தனார் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். மாமனாருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன வாரம், யாரோ சொன்னார்கள் என்று கரட்டின் மேலே ஏறிப்போய்ச் சீந்தில் கொடியை ஒடித்துக்கொண்டு வந்தார். வேண்டியதை இடித்து அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வேலிமேல் வீசினார். நட்டார் என்று சொல்ல முடியாது, வீசினார், அவ்வளவுதான். சீந்திலுக்கு மண்கூட வேண்டாம். வெட்டிப்போட்ட துண்டு வெயிலில் கிடந்தே துளிர்க்கும். அந்தரத்திலிருந்து நூல்நூலாக வேர் விட்டுத் தரையைத் தேடிப் பிடிக்கும். அடுத்த மழைக்குள் தோட்டத்தின் மேற்கு வேலி முழுக்க இதயம் போன்ற இலைகளாகப் படர்ந்துவிட்டது. காலையில் பல் விளக்கிக்கொண்டே அதில் ஒரு சாண் ஒடித்து அம்மியில் வைப்பது தம்பியின் வேலை. மாமனார் அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடிப்பார். பிள்ளை கொண்டுவந்து கொடுத்ததாயிற்றே.

ஒரு காணும் பொங்கலன்று தம்பி ஊர்ப் பையன்களோடு மினி லாரியில் மகாபலிபுரம் போனார். அந்த நாளில் அங்கே எப்படிக் கூட்டம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கடலில் இறங்காதே என்று மைக்கில் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள், ஜனங்கள் இறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள். கை கோத்துக்கொண்டு நின்றவர்களில் இரண்டு பேரை அலை இழுத்தது. ஒருவனைக் கொஞ்ச தூரத்தில் கரையிலேயே போட்டுவிட்டது. மற்றவர் எங்கள் தம்பி. மீனவர்கள் படகு விட்டுத் தேடினார்கள். மாமனாரும் என் கணவரும் கரையோடு நடந்தே சதுரங்கப்பட்டினம் கோட்டை தாண்டித் தெற்கே போய்த் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதற்கப்புறம் எந்தக் கரையில் உடல் ஒதுங்கினாலும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு, "அவன் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே வாசலில் நிற்பார். மாமியார் அவர் தலையில் தண்ணீரை ஊற்றி, உட்காரவைத்து, சுடச்சுடச் சோறு போடுவார். "நாந்தான் சொன்னேனே" என்பார். அவர் முகத்தில் இருந்த அந்த நிம்மதியைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

உடல் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தர்ப்பையில் ஆள் மாதிரி ஒரு உருவம் கட்டி, அதற்குச் செய்யவேண்டியதையெல்லாம் செய்து எரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கருமாதி, திதி எல்லாம். பதினாறாம் நாளன்று பங்காளிகள் வந்து இந்தப் பேச்சை எடுத்தார்கள். மாமியார் குரலை உயர்த்தவேயில்லை. "பொம்மைய எரிச்சிட்டு, நாளைக்கு எம் புள்ள வூட்டுக்கு வந்து நின்னா அவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டார். பங்காளிகள் எழுந்து போய்விட்டார்கள். தம்பியின் போட்டோவுக்கு மாலை இல்லை, விளக்கு இல்லை. கடைசியாகக் கழற்றிப் போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது. அதைத் துவைக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. மாமியார் அழவும் இல்லை. அழுதிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

அந்த வருஷம் ஆவணியில், விளக்கு வைத்த நேரம், நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து மாமியார், "ஏ, இங்க வா, சத்தம் போடாத வா" என்று கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் அந்தச் சட்டையின் தோளில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. அவர் டார்ச்சை அடித்ததும் அதில் இரண்டு கண் சிவந்தது. தோட்டத்தில் பழத்தை விட்டுவிட்டு அந்தப் பூச்சி வீட்டுக்குள் எதற்கு வந்தது, அத்தனை துணி தொங்கும் வீட்டில் அந்தச் சட்டையில் எதற்கு உட்கார்ந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விளக்கு வெளிச்சத்துக்கு வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாமியார் டார்ச்சை அணைத்தார். "வந்துகீறான்" என்றார். இறந்தவர்கள் பூச்சியாக வீடு பார்க்க வருவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் புழங்கும் பேச்சுதான். பிள்ளை இறந்ததை ஒப்புக்கொள்ளாதவர் அவன் பூச்சியாக வந்ததை எப்படி ஒப்புக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. எந்த உருவத்தில் வந்தாலும் வந்தால் போதும் என்று இருந்திருக்கும்.

மறுநாள் அந்த வலையைக் காணோம். எங்கே வைத்தார் என்று நாங்களும் தேடவில்லை. மாமனார் தனியாக ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இருட்டில் போனால், அவர் பின்னாலேயே மாமியார் போய் நிற்பார். மாமனாரால் கையை ஓங்க முடியவில்லை. நெருப்பு மூட்டிப் புகை போட்டுப் பார்த்தார், கைக்கு எட்டிய பழங்களுக்குத் துணிப்பை கட்டினார். ஒன்றும் நிற்கவில்லை. பூச்சி அந்த வருஷம் வந்ததைவிட அடுத்த வருஷம் அதிகம் வந்தது. ஐப்பசி மழையில் மரத்தடியெல்லாம் விழுந்த பழம், ஊரே புளித்த வாடை. நான் பூச்சி, பேய் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் ஒருநாள் மழைக்கு முன் துணி எடுக்கப் போனவள், துணிக்கொடியில் கிடந்த சேலையில் அந்தக் கண்கள் இரண்டையும் பார்த்து, "தம்பி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சேலையை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தேன்.

மூன்றாவது வருஷம் பழ வியாபாரி எட்டிப் பார்க்கவேயில்லை. அவருக்குப் பதிலாக வெள்ளைக் காரில் ஒரு புரோக்கர் வந்தார். கடற்கரை ரோடு அகலமாகிக்கொண்டிருந்த சமயம், அதன் சூடு உள்ளூர் வரைக்கும் வந்திருந்தது. கரட்டைப் பார்த்தபடி பிளாட் போட்டால் சென்னைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்றார். மாமனார் அவரை அனுப்பிவிட்டுக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வந்து, யாரையும் பார்க்காமல், "இந்த வருசமும் இப்பிடியே போச்சின்னா மரத்த வெட்டிட்டு நெலத்த குடுத்துட வேண்டியதுதான்" என்றார். ஒவ்வொரு கன்றுக்கும் தோளில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்த மனிதர் அவர். மாமியாருக்கு அது காதில் விழுந்தது.

என் கணவர்தான் தோட்டக்கலை ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மீசை சரியாக முளைக்காத, நல்ல பையன். மரத்தையெல்லாம் பார்த்துவிட்டு, "பூச்சி பழத்துலதான் குடிக்கும் சார், ஆனா முட்டை வைக்கிறது வேற இடத்துல" என்று சொல்லிக்கொண்டே வேலியோரம் நடந்தவர், மேற்குப் பக்கம் வந்ததும் நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். சீந்தில் இலை ஒன்றைத் திருப்பினார். அடியில் வெல்வெட்டுக் கறுப்பாக ஒரு புழு, கேள்விக்குறி மாதிரி வளைந்து உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் பொய்யாக இரண்டு கண். இந்தப் புழு வேறெதையும் தின்னாது, சீந்தில் மாதிரிக் கொடியைத்தான் தின்னும், கொடி இல்லாவிட்டால் இங்கே பூச்சியும் இல்லை என்று எங்களுக்கு விளக்கினார். "யாரு சார் இதைக் கொண்டாந்து வேலியில விட்டது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மாமனார் கரட்டைப் பார்த்தார். என் கணவர் செருப்பைப் பார்த்தார். தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று தெரியாமல் அந்தப் பையன் ஆளுக்கு ஆள் மாற்றி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல்தான் பாவமாக இருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் மாமியார் வேலியோரமே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடியில் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. மாமனார் அரிவாளைத் தீட்டிவிட்டுத் திரும்பக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டார். மூன்றாம் நாள் காலையில் மாமியார் குளித்து, ஈரத் தலையோடு வந்து என் கணவரிடம், "பங்காளிங்கள வரச்சொல்லு" என்றார். பிறகு, "தர்ப்ப வேணாம். இதுலயே செய்ங்க" என்று வேலியைக் காட்டினார்.

வேலியிலிருந்து கொடியை முழுசாக உருவினார்கள். ஒரு துண்டு கீழே விழுந்தாலும் முளைத்துவிடும் என்று மாமியாரே குனிந்து குனிந்து பொறுக்கினார். இலையையும் புழுவையும் குழி வெட்டிப் போட்டு மாமனார் மண்ணெண்ணெய் ஊற்றினார். அந்தப் பக்கம் மட்டும் மாமியார் திரும்பவில்லை. மொட்டைத் தண்டுகளைச் சேர்த்து வைத்துக் கட்டி, தலைக்கு ஒரு சுருள், கைக்கு, காலுக்கு என்று பங்காளிகள் உருவம் செய்தார்கள். செய்து பாயில் கிடத்தியதும் மாமியார் வந்து பார்த்தார். "அவன் இன்னும் ஒசரம்" என்றார். பெரிய பிள்ளையை, என் கணவரை, பக்கத்தில் படுக்கச் சொன்னார். "உன்னவிட நாலு வெரல் ஒசரண்டா அவன்" என்று கையை வைத்துக் காட்டினார். தம்பிக்காக வெட்டிய கொடிக்குப் பக்கத்தில் அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்ததை நான் பார்த்தேன். அந்த நாலு விரலையும் சேர்த்துக் கட்டினார்கள். ஆணியிலிருந்த சட்டையை எடுத்துவந்து மாமியார் தன் கையாலேயே போட்டுவிட்டார். பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டார்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தோட்டத்து வாசலில் நின்றோம். பச்சைச் சீந்தில் லேசில் எரியாது, அதன் உடம்பெல்லாம் தண்ணீர். சுடுகாடு இருந்த ஏரிக்கரைக்கு மேலே வெள்ளையாகப் புகை எழும்பியது, பொழுது சாயும் வரைக்கும் எழும்பிக்கொண்டே இருந்தது. போனவர்கள் திரும்பி வந்து குளித்த பிறகும் மாமியார் அங்கேயே நின்றார். மறுநாள் சாம்பலைக் கலயத்தில் எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனோம். அந்தக் காணும் பொங்கலுக்குப் பிறகு அவர் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். மாமனார் கரைத்துவிட்டு வந்ததும், மாமியார் கணுக்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கினார். "நீயே வெச்சிக்கோ" என்று கடலிடம் சொன்னார், வீட்டில் யாரிடமோ பேசுகிற குரலில். பிறகு எங்களைப் பார்த்து, "வாங்க, பஸ்ஸு பூடும்" என்றார். அங்கேயும் அவர் அழவில்லை.

அடுத்த ஆவணி வந்தது. பழத்தில் நீர் ஏறியது. விளக்கு வைத்ததும் மாமியார் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வலை இல்லை, வெறும் டார்ச். மரம் மரமாக வெளிச்சம் நகர்வதை நான் வாசலிலிருந்து பார்ப்பேன். பூச்சி அடியோடு இல்லாமல் போயிற்று என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், மலைமேல் வேறு கொடி இருக்கத்தானே இருக்கும். ஆனால் எங்கள் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் திரும்பி வந்து டார்ச்சை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

முதல் பறிப்பன்று மாமனார் ஒரு கூடைப் பழத்தைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம். அதை எவ்வளவு தூரம் காட்டலாம் என்று தெரியாமல் நின்றார். மாமியார் ஒரு பழத்தை எடுத்தார். கட்டைவிரலால் தடவி, காம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. கூடை பாதிக்கு வந்துவிட்டது. "எதுலயும் இல்லியேடி" என்று என்னிடம் சொன்னார். "நல்லா கீது. எல்லாமே நல்லா கீது." அப்படிச் சொல்லிக்கொண்டே, கையில் பழத்தோடு, குரல் உடைந்து அழத் தொடங்கினார். கடல் பிள்ளையை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அழாத அழுகை முழுவதையும் அன்றைக்கு ஒரு நல்ல பழத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்ன தப்புச் செய்துவிட்டோம் என்று புரியாமல் மாமனார் கூடையின் மறுபக்கம் நின்றார். நான் போய் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நிலம் பிழைத்தது. மாமனார் இருந்தவரைக்கும் மரங்கள் காய்த்தன, வியாபாரி திரும்ப வந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்களில் மாமியாரும் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும், பழத்தைச் சுற்றிப் பார்க்காமல் அவர் கூடையில் போட்டதில்லை. இப்போது அந்த வேலி இருந்த இடத்தில் யாருடைய காம்பவுண்டுச் சுவரோ நிற்கிறது. எங்களுக்கு வேண்டிய சாத்துக்குடி ஆந்திராவிலிருந்து லாரியில் வருகிறது, பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல்.

போன வாரம் அந்தத் தள்ளுவண்டிக்காரர் என்ன தேடுகிறாய் என்று கேட்டபோது கையிலிருந்த கடைசிப் பழத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தேன். "ஒன்னும் இல்ல. எல்லாமே நல்லா கீது" என்றேன். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. ஒரே சந்தோஷம் அவருக்கு. சிரித்துக்கொண்டே கொசுறாக ஒரு பழம் எடுத்துப் பையில் போட்டார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தப் பழத்தை வெளியே எடுத்து, வீடு வருகிற வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.